நான்காம் கட்டத்தில் நில்

பெரியவளே, சின்னவளே,

இதை உங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். ரெண்டு வருஷமாக வாய் வரவில்லை. கம்பெனிப் பதிவேட்டில் எழுதிப் பழகிய கையாவது ஒத்துழைக்கும் என்று நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவதுக்கு மேலே ஐடிஐ படித்தவனின் எழுத்து. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சின்னவள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்குக் கொடுத்தது. வரிசையாக ஏழு கட்டம்.

“நைனா, இந்த நாலாவது கட்டத்துல இன்னா போடறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பெரியவளின் குரல் வந்தது.

“நைனாவ கேக்காதடி. மிஸ்ஸ கேளு.”

அதில் கோபம் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. அந்த ஸ்விட்சைத் தொடாதே, ஷாக் அடிக்கும் என்று சொல்வோமே, அந்த மாதிரி. சின்னவள் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏன் நைனாவைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாது. பெரியவளுக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

சின்னவளுக்காக முதலிலிருந்து வருகிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவள் ஒன்பதாவது. அப்போதும் கண்காட்சி, அப்போதும் இதே ஏழு கட்டம். நம்முடைய பால்வெளி மண்டலத்தில் நம்மைப் போல யோசிக்கத் தெரிந்தவர்கள், நமக்குச் செய்தி அனுப்பக் கூடியவர்கள் வேறு எங்காவது இருப்பார்களா, இருந்தால் எத்தனை இடத்தில் இருப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டும். அதற்கு ஒரு விஞ்ஞானி வழி சொல்லியிருக்கிறார். அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிதாக்கி, டீச்சர் ஏழு கட்டமாகக் கொடுத்திருந்தார். முதல் கட்டம், மொத்தம் எத்தனை நட்சத்திரம். ரெண்டாவது, அதில் எத்தனை பங்குக்குக் கிரகங்கள் உண்டு. மூன்றாவது, ஒவ்வொன்றிலும் அதிகச் சூடும் இல்லாமல் அதிகக் குளிரும் இல்லாமல் தண்ணீர் நிற்கிற மாதிரி கிரகம் எத்தனை. நாலாவது, அந்தக் கிரகங்களில் எத்தனை பங்கில் உயிர் தோன்றும். ஐந்தாவது, அந்த உயிர் எத்தனை பங்கில் அறிவு வரைக்கும் வளரும். ஆறாவது, எத்தனை பங்கு வானத்துக்குச் சிக்னல் அனுப்பும். ஏழாவது, மண்டலத்தின் வயசில் எத்தனை பங்கு காலம் அழியாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் வரிசையாகப் பெருக்கினால் விடை.

பெரியவளுக்கு ஒன்று புரியவில்லை. “பெருக்கினா பெருசாத்தானே ஆவணும்? இது ஏன் சின்னதாகிகினே போவுது?” என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பாடம் நடத்தினேன். அதை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. பெருமைப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும்தான்.

நான் பார்க்கிறது இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி, பம்புக்கு உடல் செய்கிற கம்பெனி. அவளிடம் சொன்னேன்: “நூறு அச்சுல ஊத்தறோம்னு வெச்சிக்கோ. ஊத்தறப்பவே பத்து போயிடும். மீதி தொண்ணூறு. அத கடையறப்ப பத்துல ரெண்டு போவும். அப்ப எத்தினி?”

“எழுபத்தி ரெண்டு.”

“அத தண்ணி ரொப்பி ஒழுவுதான்னு பாக்கறோம். மூணுல ஒண்ணு ஒழுவும். அப்ப?”

“நாப்பத்தெட்டு. இவ்ளோ மோசமாவா நைனா உங்க கம்பெனி?”

“கணக்குக்கு சொல்றேன்டி. வெளிய சொல்லிடாத.”

சிரித்தாள். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நட்சத்திரம் என்பது ஊற்றிய அச்சு. ஒவ்வொரு கட்டமும் ஒரு சோதனை. தேறி வருகிறதுதான் கடைசிக் கட்டத்துக்குப் போகும். “அப்ப நம்ம பூமி எல்லா டெஸ்ட்லயும் பாஸாகி வந்த பீஸ்” என்று அவளே சொன்னாள். அந்த வார்த்தையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

சார்ட்டில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அச்சுப் படமும் வரைந்தாள். கண்காட்சியில் முதலாவதாக வருகிறவர் திருவள்ளூருக்கு, மாவட்டக் கண்காட்சிக்குப் போவார். மாவட்டத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு நாள் பெரிய தொலைநோக்கி வைத்து வானத்தைக் காட்டுவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பெரியவள் அந்த ஒரு வாரமும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். சனிக் கோளின் வளையத்தைக் கண்ணால் பார்க்கலாமாம். படத்தில் இல்லை, கண்ணால். இதை எழுதுகிறபோது எனக்கு அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

புதன்கிழமை எனக்கு ரெண்டாவது ஷிப்ட். அரை நாள் லீவாம், அவளும் வீட்டில் இருந்தாள். உங்கள் அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவள் சார்ட்டைத் தரையில் விரித்துக் காட்டினாள். முதல் மூன்று கட்டத்தில் எண் இருந்தது. நாலிலிருந்து ஏழு வரைக்கும் பென்சிலால் ஒவ்வொரு கேள்விக்குறி. அதற்குக் கீழே சின்னதாக ஏதோ எழுதியிருந்தாள். நான் படிக்கவில்லை.

“இதென்ன, காலியா வுட்டுகீற?”

“தெரியாது நைனா. யாருக்குமே தெரியாதாம்.”

இங்கே எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பதிவேட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. ஆடிட்டுக்கு வருகிறவர் முதலில் தேடுவதே காலிக் கட்டத்தைத்தான். அதனால் ஒன்றும் இல்லாத கட்டத்தில் ‘நில்’ என்று எழுதுவோம். இல்லை என்பதற்கு ஆங்கில வார்த்தை. குறை ஒன்றும் காணவில்லை என்றாலும் நில். அந்தச் சோதனையே அன்றைக்குப் பண்ணவில்லை என்றாலும் நில். முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் அது. பதினெட்டு வருஷமாக நான் எழுதிய வார்த்தைகளில் அதிகம் எழுதியது என் பெயர் இல்லை, நில்தான்.

“இதுவரிக்கும் எத்தினி எடத்துல உயிர் இருக்குதுன்னு கண்டுபுடிச்சாங்க?” என்று கேட்டேன்.

“எங்கயும் இல்ல. தேடிகினுதான் கீறாங்க.”

“அப்ப நில்லுன்னு போடு.”

“நில்லுன்னா சைபராச்சே நைனா. நாலாவதுல சைபர் போட்டா எல்லாத்தியும் பெருக்கி கடசில சைபர்தான் வரும்.”

“வரட்டுமே.”

“அப்ப பூமி? பூமில உயிர் கீதே.”

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அவள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் எனக்குப் பஸ் நேரம். வண்டி பஞ்சராகி மெக்கானிக் கடையில் கிடந்தது. அதோடு, ஞாயிற்றுக்கிழமை வாத்தியாராக இருந்த தெம்பு இன்னும் இறங்கவில்லை. யோசிக்காமல் ஒரு பதில் வந்தது. வந்த பதில் எனக்கே ரொம்ப அறிவாளித்தனமாகத் தெரிந்தது.

“நாங்க ஒரு பீஸ அளந்து பாத்து, இதுதான் கரெக்ட்டுன்னு தனியா வெச்சிப்போம். மாஸ்டர் பீஸு. அத ஊத்தின மத்த பீஸுங்களோட, லாட்ல, சேத்து எண்ண மாட்டோம். பூமி நம்ம மாஸ்டர் பீஸு. கணக்குல வராது.”

“இல்ல நைனா, எனக்கு சரியா படல” என்றாள்.

அப்போதுதான் நான் குரலை உயர்த்தினேன். “பதினெட்டு வருசமா ஃபார்ம் ஃபில்லப் பண்றவன் சொல்றேன், காலியா வுட்டா படிக்காத பொண்ணுன்னு நெனப்பாங்க. போடுன்னா போடு.”

உங்கள் அம்மா டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, “ஏங்க, அவ படிக்கறவதானே, அவ சொல்றத கொஞ்சம் கேளுங்களேன்” என்றாள்.

“நீ வேற பேஜார் பண்ணாத” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

ராத்திரி வீடு திரும்பிப் பார்த்தபோது சார்ட்டில் கேள்விக்குறிகள் இல்லை. ரப்பர் தேய்த்த இடம் லேசாக அழுக்காகத் தெரிந்தது. நாலாவது கட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால், அழகாக, நில். அடைப்புக்குறிக்குள் 0. அடுத்த மூன்றிலும் அதேதான். கடைசியில் பெரிய எழுத்தில், விடை: 0. எனக்குத் திருப்தியாக இருந்தது. காலிக் கட்டம் ஒன்றும் இல்லை.

கண்காட்சி வெள்ளிக்கிழமை. பெர்மிஷன் போட்டுவிட்டு, கம்பெனி யூனிஃபார்ம் சட்டையோடு நேராகப் பள்ளிக்கு வந்தேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாடல். சின்னவளே, நீ அப்போது ஏழாவது, உன் வகுப்பில் எல்லாரும் மைதானத்தில் இருந்தீர்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றிருந்த நடுவரிடம் கூட்டிக்கொண்டு போனார். திருவள்ளூரிலிருந்து வந்தவர், மெல்லிய குரல், கையில் மார்க் ஷீட்.

“சார், இவர்தான் அந்தப் பொண்ணோட அப்பா. குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஃபேக்டரி ரிஜெக்‌ஷன வெச்சி இந்தக் கணக்க சொல்லித் தந்திருக்கார். எங்க யாருக்கும் தோணல.”

நடுவர் எனக்குக் கை கொடுத்தார். “ரொம்ப நல்லா யோசிச்சிருக்கீங்க சார்” என்றார். படித்த ஒருவர் என்னை சார் என்று கூப்பிட்டுக் கை கொடுத்தது அதுவரைக்கும் நடந்ததில்லை. சுற்றி ரெண்டு மூன்று அப்பா அம்மா பார்த்தார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அடுத்த ஐந்து நிமிஷத்தில் நான் செய்ததற்கு இதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பெரியவள் அச்சுப் படத்தைக் காட்டி விளக்கினாள். நட்சத்திரம், கிரகம், தண்ணீர். நடுவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். ரெண்டு இடத்தில் மார்க் எழுதினார், நான் பார்த்தேன். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“இன்னாம்மா இது, நில்? நின்னுகினுதானே இருக்கறேன். இன்னும் எங்க நிக்கறது?”

பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். “நில்லுன்னா இல்லன்னு அர்த்தம் சார், சைபர்” என்றாள்.

“ஓ. அப்ப விடையும் சைபர். இந்த மண்டலத்துல யாருமே இல்ல. நீயும் இல்ல, நானும் இல்ல. அப்ப யாரும்மா என்கிட்ட பேசறது?”

இன்னும் பெரிய சிரிப்பு. அவர் கேலிக்காகச் சொல்லவில்லை, பிள்ளைகளை யோசிக்க வைக்கத்தான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அவர் குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார்: “எத்தனை கிரகத்தப் பக்கத்துல போய்ப் பாத்திருக்காங்க?”

“ரொம்பக் கம்மி சார்.”

“பத்தாயிரம் கோடி நட்சத்திரத்துல?”

அவள் முதல் கட்டத்தில் தான் எழுதியிருந்த எண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆயிரம் பீஸ் வந்த லாட்டுல ஒண்ணு ரெண்டத் தொட்டுப் பாத்துட்டு, நில்லுன்னு எழுதினா உங்க அப்பா கம்பெனில வுடுவாங்களா?”

வுடுவாங்க. அது எனக்குத் தெரியும். என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் என் தொழிலை வைத்தே என் தப்பை அவர் விளக்கினபோதுதான் எனக்கு அது தப்பு என்று உறைத்தது. பார்த்தேன், இல்லை என்பது ஒன்று. பார்க்கவே இல்லை என்பது இன்னொன்று. ரெண்டுக்கும் ஒரே வார்த்தை எழுதிப் பழகியவன் நான். அவள் போட்ட கேள்விக்குறியை அழிக்க வைத்து அந்த வார்த்தையை எழுத வைத்தேன்.

“இத நீயா போட்டியா, யாராவது சொன்னாங்களா?”

பெரியவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இருட்டானால் தானே எரிகிற தெருவிளக்கு மாடல் இருந்தது. அதைக் குனிந்து பார்த்தேன். பல்பு எப்படி எரிகிறது என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

“இல்ல சார். நானேதான் போட்டேன்.”

“சரிம்மா. மத்ததெல்லாம் நல்லா இருக்குது” என்று சொல்லி அவர் தெருவிளக்குக்கு வந்தார். நான் நகர்ந்து வழி விட்டேன்.

திருவள்ளூருக்குத் தெருவிளக்குதான் போனது.

சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு ரெண்டு பேரும் நடந்து வந்தோம். சின்னவளே, நீயும் கூட வந்தாய். பள்ளிவாசலில் விற்ற மாங்காய்ப் பத்தை வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்துக்கொண்டு வந்தாய். வழியில் பெரியவள், “பரவால்ல நைனா. அவரு சொன்னது கரெக்ட்தானே” என்றாள். என்னைத் தேற்றினாள். ‘நீ ஏன் சொல்லல’ என்று கேட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அவள் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் “கெடைக்கலம்மா” என்று அந்த ஒரு வார்த்தைதான். உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி போடப் போய்விட்டாள்.

பெரியவளுக்குத் தெரிந்த பாதி இது. இனி வருவது அவளுக்கும் தெரியாது.

மறுநாள் கேன்டீனில் என் கூட வேலை பார்க்கிறவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சூலூர்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர், பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுவார். கதையைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? “எங்க பொண்ணு நாலாவது கட்டத்துல நில்லுன்னு போட்டுட்டா” என்று சொன்னேன்.

அவர் சோற்றுக் கையோடு சிரித்தார். “அது பசங்க போடறதா நைனா? அது நாம போடறது. உண்மைய சொல்லு, நீதானே?”

“சே, சே.”

“சரி வுடு. மேல கீற எவனாவது நம்மள தேடிகினு இருந்தான்னு வெச்சிக்க. அவன் ஊர்லயும் நம்மள மாரி ஒரு இன்ஸ்பெக்டர் இருப்பான். வானத்த திரும்பிக்கூட பாக்காம, பூமி, நில்லு, கையெழுத்து. முடிஞ்சிச்சி. ஷிப்ட் முடிஞ்சா ஊட்டுக்குப் போவணும்ல அவனும்.”

மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான இடம் கிடைக்காது. கேலி பண்ணிவிட்டு மறந்துவிடுவார்கள். அங்கேயும் ‘சே, சே’தான் வந்தது.

ஒரு வாரம் கழித்து, காலை ஷிப்ட் முடித்து, டீச்சரைப் பார்க்கப் பள்ளிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். முடிந்தால் நடுவரிடம் டீச்சர் ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று ஒரு நப்பாசை. டீச்சர் ஸ்டாஃப் ரூம் வாசலில் விடைத்தாள் கட்டோடு நின்றிருந்தார்.

“லிஸ்ட் அனுப்பியாச்சே சார்” என்றார் முதலிலேயே. பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, “எனக்கே வருத்தம் சார். செவ்வாக்கிழமை அவ என்கிட்ட சார்ட்டக் காட்டினா. நாலுலேருந்து ஏழு வரைக்கும் கேள்விக்குறி போட்டிருந்தா. கீழ, ‘இது தெரிஞ்சவங்க இன்னும் பொறக்கல’ன்னு எழுதியிருந்தா. நான் அவ்ளோ சந்தோசப்பட்டேன். அப்படியே வெச்சிக்கோன்னு சொன்னேன். கடைசில ஏன்தான் மாத்தினாளோ.”

நான் படிக்காமல் விட்ட அந்தச் சின்ன எழுத்து அதுதான்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பதிலுக்காகத்தான் பார்த்தார். நான் சொன்னேன், “வயசு அப்படி டீச்சர். சொன்னா கேக்கறதில்ல.”

பெரியவளே, இதை ரெண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவது தடவை எழுதுகிறேன். நாலடி தள்ளி நின்று பேசாமல் இருந்தது ஒரு தப்பு. பயந்துவிட்டேன் என்று அதற்காவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. சொல் பேச்சைக் கேட்டதால்தான் நீ தோற்றாய். சொல் பேச்சைக் கேட்காதவள் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் லைப்ரரியிலும் போனிலுமாக இந்தக் கணக்கைப் பற்றித் தேடிப் படித்தேன். சின்னவளே, உனக்கு உதவும் என்பதால் இதைக் கேட்டுக்கொள். முதல் மூன்று கட்டத்துக்கு ஓரளவு பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் உள்ளதெல்லாம் யூகம்தான். நாலாவது கட்டத்தில் சிலர் முழுசாக ஒன்று என்று போடுகிறார்கள். தண்ணீரும் சூடும் இருந்தால் உயிர் வந்தே தீரும் என்பது அவர்கள் கட்சி. சிலர் புள்ளிக்குப் பிறகு சுழியமாக வரிசையாகப் போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு ஒன்றைப் போடுகிறார்கள். எவ்வளவு தூரம் போனாலும் அந்த ஒன்றை விட்டுவிட மாட்டார்கள். ஏனென்றால் நாம் இருக்கிறோம். பூமி ஒரு பீஸ். லாட்டிலிருந்து வந்த பீஸ்தான். தனியாக எடுத்து வைக்கக் கூடாது. அதே சமயம், இருக்கிற ஒரே ஒரு பீஸை வைத்து லாட் முழுக்க இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. அதனால் விடை, நம்மைத் தவிர யாருமே இல்லை என்பதிலிருந்து லட்சக்கணக்கான இடத்தில் இருக்கிறார்கள் என்பது வரைக்கும், போடுகிறவர் கையைப் பொறுத்து வருகிறது. அப்படியானால் எதற்குக் கணக்கு என்று கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியாதது எது எது என்று வரிசையாக, பெயர் வைத்து, கட்டம் போட்டு எழுதுவதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. உன் அக்கா அதைப் பதினாலு வயசில் ஒரு வரியில் எழுதிவிட்டாள்.

வேலையிலும் ஒன்று மாறியது. பார்க்காத சோதனைக்கு நான் இப்போது ‘பார்க்கவில்லை’ என்று எழுதுகிறேன். சூப்பர்வைசர் ரெண்டு தடவை சத்தம் போட்டார். மூன்றாவது தடவை, ரொம்ப நாளாகக் கெட்டுக்கிடந்த சோதனை மெஷினைச் சரி பண்ண ஆள் வந்தது. இதனால் பெரியவளுக்கு ஒன்றும் திரும்பக் கிடைத்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும். சனிக் கோளின் வளையத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எந்தக் கண்காட்சிக்கும் பெயர் கொடுக்கவும் இல்லை. பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் எடுக்கலாம் என்று நான் சொன்னபோது “பாக்கலாம் நைனா” என்றாள். கடைசியில் டீச்சரைக் கேட்டு முடிவு பண்ணினாள்.

சின்னவளே, நாலாவது கட்டத்துக்கு நீ நைனாவைக் கேட்காதே. அக்காவைக் கேள். அவளுக்குத்தான் தெரியும். பெரியவளே, அன்றைக்கு அந்த சார் கேட்ட கேள்விக்குச் சரியான பதில், எங்க அப்பா சொன்னார் என்பதுதான். அந்த நடுவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. டீச்சரும் மாற்றலாகிப் போய்விட்டார். மீதி இருப்பது நீ ஒருத்திதான். உன்னிடம்தான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. டீச்சரிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. மூன்றரை மணி வெயில். பெரிய ரோட்டைவிட்டு இறங்கி, ஏரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் பாதிக்கும் கீழே இருந்தது. தூரத்தில் ரெண்டு எருமைகள், மனுஷர் யாரும் இல்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே சொல்லிப் பார்த்தேன். “சார், அந்த நில் நான் போடச் சொன்னது. பொண்ணு வேணாம்னுதான் சொன்னா.” ஹெல்மெட்டுக்குள் சொன்னதால் எனக்கு மட்டும்தான் கேட்டது. இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டின் மேல் வைத்துவிட்டு, எதிரில் ஒருத்தர் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு சத்தமாகச் சொல்வேனோ அவ்வளவு சத்தமாக, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.